இடம் விட்டு ஆடுகிறவர்கள்

நம்புகிறவர்கள் உட்காருங்கள், நம்பாதவர்களும் உட்காருங்கள், இரண்டு பேருக்கும் ஒரே கதைதான், தனித்தனியாகச் சொல்ல நேரமில்லை.

கோயம்புத்தூரில் ஒரு சாயங்காலம், கடைகளில் விளக்குப் போட்டுச் சூடம் காட்டுகிற நேரத்தில், காந்திபுரத்து ஓட்டலில் தரை துடைத்துக்கொண்டிருந்த முருகி கையில் பிடித்த குச்சியோடு வலப்பக்கமாக நகர்ந்து குதிகாலைத் தட்டித் திரும்பினாள், அதே நேரத்தில் உக்கடம் போகிற டவுன் பஸ்ஸுக்குள் கண்டக்டர் மாதன் விசிலை வாயில் வைத்தபடி வலப்பக்கமாக நகர்ந்து குதிகாலைத் தட்டித் திரும்பினான், அதே நேரத்தில் சாயங்காலமும் திறந்திருக்கிற வங்கியின் கண்ணாடிக் கூண்டுக்குள் காசாளர் சிவகாமி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, கண்ணாடி போட்ட முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், வலப்பக்கமாக நகர்ந்து குதிகாலைத் தட்டித் திரும்பினாள். பெட்ரோல் பங்க்கில், பிரசவ வார்டில், பனியன் கம்பெனியின் மாடியில், சலூன் கண்ணாடி முன்னால், நகரத்தின் மூலைக்கு மூலை கால்கள் எழுந்தன, விழுந்தன, திரும்பின, எல்லாம் ஒரே தாளத்தில். தாளம் மட்டும் யார் காதிலும் விழவில்லை. இருட்டிக் கொஞ்ச நேரத்தில் நின்றது. ஆடியவர்கள் அத்தனை பேரும் கடம்பன்பதிக்காரர்கள். மலையடிவாரத்திலிருந்து ஏறிப் போனால் வருகிற ஆதிவாசிப் பதி அது. நகரத்தில் இருந்த கடம்பன்பதிக்காரர்களில் ஒருவனுக்கு மட்டும் கால் ஆடவில்லை. அவன் நஞ்சன்.

நஞ்சன் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் காவல் பார்த்தான். அங்கே அவன் பெயர் நந்தகுமார். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம் என்று சொல்லிவைத்திருந்தான். மலை என்று சொன்னால் அடுத்த கேள்வி எந்த மலை, அதற்கடுத்த கேள்வி நீங்க என்ன ஆளுங்க, அதற்கடுத்த நாள் டம்ளர் தனியாகிவிடும். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். அதனால் பொள்ளாச்சி.

அன்று சாயங்காலம் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்த பொன்னி, கனல் நிறைந்த பெட்டியைக் கையில் தூக்கியபடியே வண்டியைச் சுற்றி ஆடினாள். வருஷக்கணக்காக அவளிடம் சட்டை கொடுத்து வாங்கியிருக்கிறான், டீ வாங்கிக் கொடுத்திருக்கிறான், அவளும் ஈரோட்டுப் பக்கம் என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தாள். அந்தக் குதிகால் தட்டைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. இது எங்கள் பதியின் விதைப்பாட்டம். குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான். பூட்ஸ் இரண்டும் தரையில் அப்படியே இருந்தன. முதலில் அவனுக்கு வந்தது நிம்மதிதான். மாட்டிக்கொள்ளவில்லை.

ஊர் முதலில் இதை வலிப்பு என்று எடுத்துக்கொண்டது. முருகியின் கையில் ஓட்டல்காரர் சாவிக்கொத்தைத் திணித்தார், அவள் சாவிக்கொத்தோடு ஆடினாள். டாக்டர் சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார், டானிக் குடித்துவிட்டுத் தெம்பாக ஆடினார்கள். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், தாயத்தும் குலுங்கியது. ஆட்டம் சில நாளுக்கு ஒரு முறை சாயங்காலத்தில் திரும்பத் திரும்ப வந்தது, பிறகு ஊர் பழகிக்கொண்டது. நகரம் எதற்குத்தான் பழகவில்லை, குழியுள்ள சாலைக்குப் பழகியது, வராத தண்ணீருக்குப் பழகியது, இதற்குப் பழகாதா. ஓட்டல்காரர் தரை துடைக்கிற வேலையை மத்தியானத்துக்கு மாற்றினார். வங்கியில் சிவகாமியின் கூண்டுக்கு முன்னால் ஆட்டம் முடிந்ததும் பணம் என்று ஒரு சின்னப் பலகை தொங்கவிட்டார்கள், வரிசையில் நின்றவர்கள் முனகாமல் நின்றார்கள், ஒரு பென்சன்காரர் மட்டும் கைத்தடியால் தாளம் தட்டினார். டவுன் பஸ்ஸில் மாதனுக்குக் கால் எழுந்ததும் பயணிகள் தாங்களாகவே பையை வாங்கி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, சில்லறையும் சரியாகப் போட்டு, உக்கடம் வருவதற்குள் பையை அவன் தோளில் மாட்டிவிட்டார்கள். பிரசவ வார்டில் ஆயா ஆடுகிற நேரத்தில் பிறக்கிற பிள்ளைக்கு நடை சீக்கிரம் வரும் என்று ஒரு பேச்சு கிளம்பி, வலி எடுக்காதவர்களும் அந்த நேரத்துக்கு வந்து படுத்துக்கொண்டார்கள்.

மெல்ல மெல்ல ஊருக்கே அடவுகள் பிடிபட்டன. குதிகால் தட்டினால் விதைப்பு, இரண்டு கையும் முழங்காலுக்கு வந்தால் கல்யாணம், முன்னே போய்ப் பின்னே வந்தால் புது ராகி. டீக்கடைக்காரர் பொன்னியைப் பார்த்துவிட்டு, மேல உங்க பதியில யாருக்குங்க கல்யாணம் என்று கேட்பார். அவளும் போன் போட்டு விசாரித்துப் பெயரோடு சொல்வாள்.

அதைவிடப் பெரியது ஒன்று நடந்தது. ஆடியவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தார்கள். சிவகாமியின் வீட்டுக்கும் முருகியின் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு, இத்தனை வருஷமாக ஒரே ரேஷன் கடையில் நின்று, ஒருத்தி ஈரோடு ஒருத்தி சேலம் என்று பொய் சொல்லி, ஒருவரை ஒருவர் மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் புல்தரையில் கூடினார்கள், கேழ்வரகுக் களி கொண்டுவந்தார்கள், பதியின் பேச்சைப் பேசினார்கள், மறந்துபோன சொல்லை ஒருத்தி கேட்க மற்றவள் எடுத்துக் கொடுத்தாள், சிவகாமி முதல் நாள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் களியைத் தின்றுகொண்டே அழுதாள். பொன்னி மறுநாள் இதையெல்லாம் நந்தகுமார் அண்ணனிடம் வந்து சொல்வாள். அவன் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு ம்ம் என்பான். ஒரு ஞாயிறு பூங்காக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

நிம்மதி என்றைக்குப் பயமாக மாறியது என்று அவனுக்கே தெரியாது.

அந்தப் பதியின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மற்றப் பதிகளில் இப்படி இல்லை, அங்கே போய்க் கேட்காதீர்கள். கடம்பன்பதியில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் வட்டமாக நின்றுதான் ஆட்டம், அந்த வட்டத்தில் ஆளுக்கு ஓர் இடம். பிள்ளை பிறந்து தலை நின்றதும் தாய் இடுப்பில் தூக்கிக்கொண்டு, அதன் கால் மண்ணில் படாமல் ஒரு முழுச் சுற்று ஆடிவிட்டுத் தன் பக்கத்தில் இறக்கிவிடுவாள், அது அதன் இடம். அது வளர்ந்து கூலிக்குப் போனாலும், ஜெயிலுக்குப் போனாலும், பட்டணத்துக்குப் போய்த் திரும்பியே பார்க்காவிட்டாலும் அந்த இடத்தில் இன்னொருவர் நிற்கமாட்டார்கள். காலியாக விட்டுத்தான் ஆடுவார்கள். செத்தால் மட்டும், மூன்றாம் நாள் ஆட்டத்தில், கூடப் பிறந்தவரோ பெற்றவரோ ஓர் அடி தள்ளி நின்று அந்த இடத்தை மூடுவார்கள். மூடினால் மூடியதுதான்.

நஞ்சனுக்கு இது புரிய ஒரு ராத்திரி போதுமாயிருந்தது. எல்லாருடைய இடமும் அங்கே திறந்திருக்கிறது, அதனால் கால் ஆடுகிறது. என் இடத்தை மூடிவிட்டார்கள். போன் நம்பர் மாறியபோது சொல்லவில்லை, நோய் வந்து ஊர் அடைத்த வருஷம் தகவல் அனுப்பவில்லை, நாளைக்கு நாளைக்கு என்று வருஷம் போயிற்று. மேலே நான் செத்துவிட்டேன். இனி இங்கே நிஜமாகச் செத்தாலும் எனக்கு ஆட ஆளில்லை, குப்பை வண்டி வருகிற நேரத்துக்கு முன்னால் தூக்கிவிடுவார்கள்.

கார்த்திகை மாதம் மாசாணி வந்தாள். அவளும் கடம்பன்பதிப் பெண், நகரத்துக் கல்லூரியில் சினிமாப் படிப்பு, தன் ஆட்களைப் பற்றிக் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பட்டணத்தில் அவர்கள் எப்படி இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் எப்படித் தொலைத்தார்கள், அதுதான் படம். அவளுக்கு ஒரே ஒரு கஷ்டம். ஆட்டம் வரும்போது அவளுக்கும் கால் ஆடும், கேமரா குலுங்கும், முதலில் எடுத்ததெல்லாம் நிலநடுக்கம் மாதிரி இருந்ததாம். அதனால் மூன்றுகால் தாங்கியில் கேமராவைப் பூட்டிவிட்டு அதற்குப் பின்னால் நின்று ஆடிக்கொண்டே படம் எடுத்தாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் சிலரையும் ஓட்டலுக்கும் வங்கிக்கும் பஸ்ஸுக்கும் அனுப்பியிருந்தாள். இஸ்திரி வண்டியை மட்டும் தானே எடுத்தாள்.

செக்யூரிட்டி அண்ணா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃப்ரேமுக்குள்ள வர்றீங்க என்றாள். அவன் தள்ளி நின்றான். இரண்டு நாள் தள்ளி நின்றான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பொன்னியின் கால் எழுந்த நொடியில் நஞ்சனுக்கு என்ன ஆயிற்றோ, தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, நேராகக் கேமரா முன்னால் போய், பொன்னிக்கு முதுகைக் காட்டி நின்று ஆடினான். கார்த்திகை மாதம், புது ராகி வருகிற மாதம், அதனால் முன்னே போய்ப் பின்னே வந்தான். வயிறு குலுங்க, பெல்ட் வார் தெறிக்க, மாடியில் துணி எடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்க்க, குடியிருப்புச் செயலாளர் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு நம்ம நந்தகுமாருக்குமா என்று கேட்க, நஞ்சன் முன்னே போய்ப் பின்னே வந்தான்.

மாசாணி அவனைப் பார்த்துக்கொண்டே ஆடினாள். அவள் கால் இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்து, தேய்த்து.

“மாமா” என்றாள். அண்ணா போய்விட்டது. “நீங்க நம்ம பதிதான். இந்த அடவு வெளியாளுக்கு வராது. ஆனா உங்க கால் தானா ஆடல. நீங்களா ஆட்டறீங்க.”

அவன் நிற்கவில்லை. நின்றால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தான்.

“மாமா, நிறுத்துங்க. இன்னைக்குப் புது ராகி இல்ல. சாவு.”

திரும்பிப் பார்த்தான். பொன்னி வேப்பமரத்தைச் சுற்றி இடப்பக்கமாகத் தேய்த்துத் தேய்த்துப் போய்க்கொண்டிருந்தாள். இறுதியாட்டம். அவன் கால் நின்றது, நிற்பதற்கு அதற்குச் சிரமமே இல்லை.

யார் நீங்க என்று மாசாணி கேட்டாள். கெம்பன் மகன் நஞ்சன் என்றான். பல வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை வாயால் சொன்னான். உங்களுக்கு நான் ஸ்கூல் படிக்கிறப்ப சாவாட்டம் ஆடியிருக்கேன் மாமா என்று மட்டும் சொன்னாள். பிறகு ஆடிக்கொண்டே போனை எடுத்து மேலே பேசினாள், கேட்டாள், வைத்தாள்.

“உங்க அம்மா, மாமா.”

இஸ்திரிக்காரி ஒரு பக்கம், கேமராக்காரி ஒரு பக்கம், நகரம் முழுக்க எங்கெங்கோ கண்டக்டரும் காசாளரும் ஆயாவும் அவனுடைய அம்மாவுக்காகத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பெற்ற மகன் நடுவில் பூட்ஸ் போட்டுக்கொண்டு சும்மா நின்றான்.

மறுநாள் பஸ் ஏறினான். கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடந்தான்.

பதிக்குள் அவன் நுழைந்ததைப் பார்த்துப் பெரிதாக யாரும் பதறவில்லை. செத்தவன் வந்திருக்கிறான், வெயிலில் நிற்கிறானே என்று ஒருவர் நகர்ந்து நிழல் கொடுத்தார். தங்கை வஞ்சி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள், ஒல்லியாக, அம்மாவின் முகத்தோடு, அவனை மேலும் கீழும் பார்த்தாள், உள்ளே போய்க் களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள்.

“தின்னு. செத்தவனுக்கும் பசிக்குமாட்ட இருக்குது.”

தின்றான். தின்று முடித்த பிறகுதான் அவள் தொடங்கினாள், தொடங்கியவள் சீக்கிரத்தில் நிறுத்தவில்லை. பட்டணத்திலிருந்து வந்த ஒருவன் நீ செத்தாயென்று சொன்னான், அம்மா நம்பவில்லை, இடத்தை மூடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள், இரண்டு வருஷம் காலியாக விட்டோம், உன்னைப் பற்றி ஒரு சேதி இல்லை, அப்புறம் நான்தான் ஓர் அடி தள்ளி நின்றேன், அன்றைக்கு அம்மா ஆட்டத்தை விட்டு வெளியே போய்ப் பாறையில் உட்கார்ந்தாள், அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவே இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு வஞ்சி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் ஆட்டத்துக்குக் கூடினார்கள். நஞ்சன் ஓரமாக நின்றான், அப்போதுதான் முதன்முதலாக அதைப் பார்த்தான். மேலே மிச்சமிருந்தவர்கள் கொஞ்சம் பேர், காலி இடங்கள்தான் அதிகம். இடம் விட்டு விட்டு நின்றதில் வட்டம் களத்தை மீறி, ராகிக் கொல்லையைத் தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போயிருந்தது, ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில் நின்றார்கள். மேளம் தொடங்கியது. நின்றவர்கள் ஆடினார்கள். நிற்காதவர்களும் ஆடினார்கள். காலி இடங்களில் புழுதி எழுந்தது, எழுந்து, தேய்ந்து, இடப்பக்கமாக நகர்ந்தது. ஓரிடத்தில் ஈரப் பாதம் பதிந்து பதிந்து போயிற்று, பினாயில் வாசனை அடித்தது, அது முருகி. ஓரிடத்தில் புழுதி முன்னும் பின்னும் தள்ளாடித் தள்ளாடிச் சரிசெய்துகொண்டு போயிற்று, பஸ் வளைவில் திரும்புகிறதாக இருக்கும், அது மாதன். ஓரிடத்தில் கரித்துண்டு ஒன்று கனன்றபடி விழுந்தது.

நஞ்சன் பக்கத்தில் நின்ற பதித் தலைவர் மூப்பன் பத்திரனிடம் இது என்னவென்று கேட்டான். மூப்பன் அவனை விவரமில்லாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆள் பட்டணத்தில் இருந்தால் இடம் சும்மா இருக்குமா என்று கேட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

ஒரு சுற்று முடிந்து மேளக்காரர்கள் தோலைச் சூடுகாட்டினார்கள். அப்போது நஞ்சன் வட்டத்துக்கு நடுவில் போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, எனக்கு இடம் வேண்டும் என்றான். பேச்சு நீண்டது. மூடின இடத்தைத் திறக்க வழக்கமே இல்லை என்றார் மூப்பன். அம்மா இடம் இன்னும் மூடவில்லை, அதில் மகன் நிற்கட்டுமே என்றார்கள் சிலர். அது அவ இடம், அதில் யாரும் கால் வைக்கக் கூடாது என்றாள் வஞ்சி, சொன்னவள் அப்போதே ஓர் அடி நகர்ந்து நின்று அதை மூடினாள். மூடிவிட்டு அழுதாள். அப்புறம் வழி என்ன என்று எல்லாரும் மூப்பனைப் பார்த்தார்கள். மூப்பன் கோபமாகச் சொன்னார், புதிதாக இடம் வேண்டுமென்றால் பிள்ளை வருகிற மாதிரிதான் வர வேண்டும், வீட்டுப் பெண் இடுப்பில், கால் மண்ணில் படாமல், ஒரு முழுச் சுற்று. இந்த வண்டிமாட்டை எவள் தூக்குவாள்?

சிரிப்பு எழுந்தது. சாவு வீட்டில் சிரிப்பு வந்தால் அடக்குவது இன்னும் கஷ்டம்.

வஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, இடது இடுப்பைச் சாய்த்து நின்றாள்.

“ஏறு.”

அவன் தயங்கினான். முடியாது புள்ள என்றான்.

“நான் மூடினது. நான்தான் தூக்கணும். ஏறுன்னா ஏறு.”

பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினான். நரைத்த தலையை அவள் தோளில் வைத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கித் தொங்கினான். மேளம் அடித்தது. வஞ்சி அடியெடுத்தாள். களத்தைத் தாண்டும்போதே அவளுக்கு மூச்சு இரைத்தது. ராகிக் கொல்லையில் முழங்கால் மடங்கியது, அவன் கால் விரல் மண்ணுக்கு ஒரு விரற்கடை வரைக்கும் இறங்கியது. வட்டம் அவ்வளவு பெரிது, ஓடைக்கு அப்பாலும் இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். இறக்கிவிடு என்று சொல்ல வாயெடுத்தான்.

அப்போது கனம் குறைந்தது. கொஞ்சம் குறைந்தது, பிறகு இன்னும் கொஞ்சம். வஞ்சி நிமிர்ந்தாள். கண்ணைத் திறந்து பார்த்தால் காலி இடங்களில் எல்லாம் புழுதி ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது, ஈரப் பாதங்கள் ஒருபுறம் ஆழமாகவும் மறுபுறம் லேசாகவும் பதிந்தன. ஓடைக்குள் தண்ணீர் தெறித்தது. ஓடையைத் தாண்டினாள், பாறையைச் சுற்றினாள், திரும்பக் களத்துக்கு வந்தாள், புறப்பட்ட இடத்துக்கு வந்து, அவனை இறக்கித் தன் பக்கத்தில் நிறுத்தினாள். மேளம் நிற்கவில்லை. அவன் கால் ஆடியது.

பாறைமேல் ஏறினால் போனுக்குச் சிக்னல் விட்டுப்போகாமல் கிடைக்கும். காலையில் ஏறினான். மாசாணியே கூப்பிட்டாள். நேற்று சாயங்காலம் எடுத்ததையெல்லாம் ராத்திரியே போட்டுப் பார்த்தாளாம், ஓட்டலில் முருகி, பஸ்ஸில் மாதன், கூண்டுக்குள் சிவகாமி, மரத்தடியில் பொன்னி, எல்லாரும் இடது இடுப்பைச் சாய்த்து, ஒரு கையால் எதையோ அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். யாரை என்று அவர்களுக்குத் தெரியாதாம். எனக்குத் தெரிந்தது என்றாள்.

அவன் பாறையில் உட்கார்ந்தான்.

“அது போகட்டும் மாமா” என்றாள். “எந்திரிக்க முடியல, இடுப்பு கழண்டுபோச்சு. அந்த ஃப்ளாட்டுல உங்களை யாரு இவ்வளவு திங்கச் சொன்னது?”